சாமி படத்துல எப்படிங்க வரும்

போன வாரம் அரியலூரிலிருந்து திருமானூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. செல்போனைக் காதருகே பிடித்து ஏதோ பக்திப் பாட்டு கேட்டுக்கொண்டு வந்தார். பாதிப் பாட்டில் சட்டென்று ஒரு பெண் குரல், கூடவே ஒரு படம், சூதாட்டத்துக்கு வா வா என்று கூப்பிட்டது. பெரியவர் பதறிப்போய் போனைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்து அமுக்கினார். சத்தம் நிற்கவில்லை. முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் ஒண்ணும் பண்ணலங்க, அதுவா வருது" என்று என்னிடம் சொன்னார். நான் எதுவும் கேட்கவே இல்லை. "தெரியுங்கய்யா, அதுவாத்தான் வரும்" என்றேன். இதை நான் இருபது வருஷத்துக்கு முன்னால் வேறொருவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ரெண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நான் அரியலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். பெரம்பலூரில் ஆறு மாசம் ஹார்டுவேர் படித்த சான்றிதழ், ஒரு பழைய மொபெட், ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட், தூசி ஊதும் ப்ளோயர். இவ்வளவுதான் என் தகுதி. இருந்தாலும் ஊரில் எனக்கு "இன்ஜினியர்" என்று பெயர். அதை நான் மறுத்ததாக ஞாபகம் இல்லை.

அரியலூர்த் தூசியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ரோட்டோர வீடுகளில் சிபியுவைத் திறந்தால் உள்ளே மாவு சலித்துக் கொட்டியது போல இருக்கும். ப்ளோயரை வைத்தால் ஆளே வெள்ளையாகிவிடுவேன். அந்தத் தூசியும், புது மானிட்டர் சூடாகும்போது வரும் பிளாஸ்டிக் வாசனையும், அதன் முன்னால் கொளுத்தும் கற்பூரமும் சேர்ந்து ஒரு மணம். அதுதான் எனக்கு என் இருபத்திரண்டு வயதின் மணம்.

கற்பூரம் எதற்கு என்கிறீர்களா? எங்கள் பக்கம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வருவது டிராக்டர் வருவது மாதிரிதான். நல்ல நேரம் பார்ப்பார்கள். மேஜையின் நாலு காலிலும் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். ஒரு வீட்டில் கீபோர்டின் ஒவ்வொரு எழுத்திலும் பொட்டு வைத்துவிட்டு, பிறகு எழுத்துத் தெரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே விருப்பம்தான்: மானிட்டரை முதன்முதலாகப் போட்டதும் சாமி படம்தான் தெரிய வேண்டும்.

இதற்கு எங்கள் கடையில் ஒரு ஏற்பாடு இருந்தது. நான் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுவேன். கடையிலிருந்து கொண்டுபோன சிடியிலிருந்து முருகன் புரோகிராமைப் போடுவேன். பிறகு மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு எல்லோரையும் கூப்பிடுவேன். கற்பூரம் கொளுத்தியதும் வீட்டுப் பெரியவர் பொத்தானை அழுத்துவார். திரையில் முருகன் தோன்றுவார். அவர் முன்னால் தீபம் தானாகச் சுற்றும், மணி அடிக்கும். கன்னத்தில் போட்டுக்கொள்ளாத ஆளை நான் பார்த்ததில்லை. அதற்கப்புறமும் ஐந்து நிமிஷம் யாரும் தொடாமல் விட்டால் முருகன் மறுபடி வந்து நிற்பார், தீபாராதனை நடக்கும்.

அந்த முருகனை இன்டர்நெட்டிலிருந்து இறக்கியவன் நான்தான். இலவசம் என்று போட்டிருந்தான், எடுத்து சிடியில் ஏற்றிக்கொண்டேன். சிடியைப் போட்டதும் ஒரு பெட்டி நிறைய ஆங்கிலம் வரும். கீழே, சம்மதம் என்று ஒரு பொத்தான். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு அந்த ஆங்கிலத்தைப் படிக்கப் பொறுமையும் இல்லை, சத்தும் இல்லை. சம்மதம், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், முடிந்தது. நாற்பது வீடுகளில் அந்த வீட்டுக்காரர்களுக்காக நான் சம்மதம் கொடுத்தேன்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஒருத்தி அதைப் படித்தாள்.

கீழப்பழுவூரில் உரக்கடை வைத்திருந்த கோவிந்தராசு ஐயாவின் மகள் தேன்மொழி. கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். மேலே எம்சிஏ படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று அப்பாவைக் கம்ப்யூட்டர் வாங்க வைத்திருந்தாள். கடைக்குப் பின்னால் உர மூட்டைகள் அடுக்கிய அறையில் ஒரு மூலையை ஒழித்து மேஜை போட்டிருந்தார்கள். யூரியாவும் பூச்சிமருந்தும் கலந்த நெடி கண்ணில் அடிக்கும். கடைக்குப் போன் லைன் இருந்ததால் இன்டர்நெட்டும் உண்டு. நான் முருகனைப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்.

"அண்ணே, இருங்க. விளம்பரம் காட்டுவோம், நீங்க எதைப் பாக்குறீங்கன்னு குறிச்சுக்குவோம்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் சும்மா போட்டிருப்பான்மா. எல்லா வூட்லயும் இதான் போடுறேன்" என்று சம்மதத்தை அழுத்தினேன். வெளியே அவள் அப்பா தேங்காயோடு காத்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடிய கால் மணிதான் இருந்தது.

ரெண்டு மாசத்தில் கடைக்குப் புகார்கள் வரத் தொடங்கின. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "சிஸ்டத்துல வைரஸ்." வைரஸ் இல்லை, விளம்பரம் காட்டும் ஆட்வேர் என்று விளக்கிப் பிரயோஜனம் இல்லை. நெட் போட்டதும் கேட்காமலே ஜன்னல் ஜன்னலாக விளம்பரம் திறக்கும். ஒன்றை மூடினால் ரெண்டு வரும். சூதாட்டம், வழுக்கைத் தலைக்கு மருந்து, அரைகுறை ஆடையில் வெள்ளைக்காரப் பெண்கள். நான் போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் போய் ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பேன். அதிலும் ரெண்டு புரோகிராம் ஜோடியாக இருக்கும், ஒன்றை அழித்தால் இன்னொன்று அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்க நான் கற்றுக்கொள்ளவே ஒரு மாசம் ஆனது. அப்படியும் அடுத்த வாரமே எல்லாம் திரும்பி வந்து நிற்கும்.

ஏன் திரும்பி வந்தது என்று கேளுங்கள். எல்லாவற்றையும் எடுப்பேன், முருகனை மட்டும் எடுக்க விடமாட்டார்கள். "மத்ததெல்லாம் எடுத்துடுங்க, சாமிய மட்டும் விட்டுடுங்க தம்பி" என்பார்கள். வீட்டில் குடிவைத்த சாமியை யார் வெளியே அனுப்புவார்கள்? எனக்கு அப்போதே லேசான சந்தேகம் வந்துவிட்டது. முதலாளியிடம் சொன்னேன். அவர் கல்லாவிலிருந்து நிமிராமலே பதில் சொன்னார்.

"நம்ம சிடியில கோளாறுன்னு உன் வாயில வரக்கூடாது. எங்க கேட்டாலும், எதையோ பாத்திருக்காங்க, அதான் வந்திருக்குன்னு சொல்லிட்டு வந்துடு."

நாலைந்து வீட்டில் அப்படித்தான் சொன்னேன். அப்பன்மார்கள் பையன்களை முறைத்தார்கள், பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரித்துக்கொண்டே மொபெட்டை எடுத்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

உரக்கடையிலிருந்து அழைப்பு வந்தது ஒரு விதைப்புக் காலத்து மத்தியானம். நான் போனபோது கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் கடை நிறைய ஆள் இருந்திருக்கிறார்கள். பின் அறைக் கதவு திறந்தே இருந்திருக்கிறது. தேன்மொழி எம்சிஏ நுழைவுத் தேர்வு விவரம் பார்த்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சட்டையில்லாத ஒரு ஆணின் படம் வந்திருக்கிறது. உன்னைச் சந்திக்க ஆண்கள் காத்திருக்கிறார்கள், பதில் போடு என்று ஆங்கிலத்தில் எழுத்து, கூடவே பாட்டு. மூட்டை வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒருவர், அவளைப் பெண் கேட்டுப் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்குச் சொந்தம்.

கோவிந்தராசு ஐயா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தேன்மொழி மூட்டைகளின் ஓரமாக நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

"அண்ணன் வந்துட்டாரு, அவரையே கேளுங்கப்பா. அந்த முருகன் புரோகிராம்லேர்ந்துதான் வருது. நான் போன வாரம் அதை எடுத்துப் பாத்தேன், வரவே இல்ல. நீங்க திட்டுனீங்கன்னுதான் திரும்பப் போட்டேன்."

"சாமிய எடுத்துட்டுத்தான் இந்தக் கண்றாவியெல்லாம் பாத்தியா?" என்றார் அவர்.

அவள் கண்டுபிடித்ததை, என் ஆறு மாசச் சான்றிதழால் நான் உறுதியாகக் கண்டுபிடிக்காததை, அவர் அவளுக்கு எதிராகவே திருப்பிவிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க வெவரம் தெரிஞ்சவரு. உங்க வாயால சொல்லுங்க. சாமி படத்துலேர்ந்து இதெல்லாம் வருமா?"

நான் அவளைப் பார்க்கவில்லை. முதலாளியின் முகமும், கடைக்கு வந்து சண்டை போடப்போகும் நாற்பது வீட்டுக்காரர்களும், நான் தேடிப் பிடித்த வேலையும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"சாமி படத்துல எப்படிங்க ஐயா வரும்" என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் சொன்னது அவருக்கும் சமாதானமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. மகளைச் சந்தேகிப்பதை விட முருகனைச் சந்தேகிப்பது அவருக்குக் கஷ்டம். தேன்மொழி அறைக்குள் போய், மேஜையில் விரித்து வைத்திருந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் உட்கார்ந்து அந்த ஜோடிப் புரோகிராம்களை அழித்தேன். ரெண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

மறுநாளே கடையில் ஒரு காலி மெஷினில் அந்தச் சிடியை மட்டும் போட்டு நெட்டைக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் அதே சட்டையில்லாத ஆள் வந்து நின்றான். முதலாளியும் பார்த்தார். சிடியை எடுத்து ரெண்டாக உடைத்துக் குப்பையில் போட்டார். "இதோட விடு" என்றார். அதற்கப்புறம் நான் ஒவ்வொரு வீட்டுக்கும் இலவச சர்வீஸ் என்று போய், பழைய முருகனை எடுத்துவிட்டு வெறும் படமாக ஒரு முருகனை வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வீடு காப்பி கொடுத்தார்கள். தங்கமான பையன் என்றார்கள்.

கீழப்பழுவூருக்கு மட்டும் போகவில்லை. போனால் சொல்ல வேண்டியிருக்கும். மூன்று தடவை உரக்கடை வரைக்கும் போய், எதிர்த்த டீக்கடையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது தடவை போனபோது கடை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அவளைக் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு ஊரில், முதலில் பேசியதற்குக் குறைவான இடத்தில், அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். கடைசிப் பரீட்சையை எழுதினாளா என்றுகூட எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கடைக்குச் சொல்லி அனுப்பினார்கள். முதலாளி வேறு பையனை அனுப்பி எடுத்து வந்தார். மேஜைக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் காய்ந்து ஒட்டியிருந்ததாக அவன் சொன்னான்.

இப்போது எங்கள் கடை இல்லை. அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். போன் ஒயரில் கீச்கீச்சென்று கத்தி நெட் வந்ததெல்லாம் என் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை. சிடி போட இடமே எந்த மெஷினிலும் கிடையாது. மேஜையோடு, மானிட்டரோடு, மூடி வைத்த துணியோடு வீட்டுக் கம்ப்யூட்டர்களும் போய்விட்டன. உரக்கடையும் ரோட்டை அகலப்படுத்தும்போது போனது. இதில் எதற்கும் எனக்கு வருத்தம் கிடையாது, போனது நல்லது என்றே சொல்வேன்.

வருத்தம் வேறு. ஆறேழு வருஷம் கழித்து திருமானூர் பஸ் நிறுத்தத்தில் தேன்மொழியைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று அவளாகவே கேட்டாள். அவள் திட்டியிருக்கலாம். எப்படியோ சொல்லி முடித்தேன், அது அந்தச் சிடிதான், எனக்குத் தெரியும், பயத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று.

"தெரியும்ணே" என்றாள்.

"நான் அப்பாகிட்ட வந்து சொல்லிடுறேம்மா. இன்னிக்கே வரேன். கால்ல வுழுந்தாவது சொல்றேன்."

அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"அப்பா போயி ரெண்டு வருசம் ஆச்சு. ஆஸ்பத்திரியில நாந்தான் கூட இருந்தேன். கடைசி நாளுகூட, நான் தூங்குறேன்னு நெனச்சு என் போனை எடுத்து யாரு பேசியிருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தாரு."

அவள் பஸ் வந்தது. போயிட்டு வரேண்ணே என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.