பதிவேட்டில் இல்லாத ஆறு வாரங்கள்

அங்கே நர்ஸ் லைசென்ஸ் வாங்குவதற்காக என் மனைவி கனடாவிலிருந்து அனுப்பிய படிவம் பதினொரு பக்கம் இருந்தது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஜெராக்ஸ் கடையில் அதை அச்செடுத்து, நின்ற இடத்திலேயே படித்தேன். நான் தமிழாசிரியர். ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்றாலும் அந்தப் படிவத்தின் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. நர்சிங் படித்த காலத்தில் அவள் எந்தெந்தப் பாடத்தை வகுப்பில் எத்தனை மணி நேரம் படித்தாள், மருத்துவமனையில் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தாள் என்று அவள் படித்த நர்சிங் பள்ளி நிரப்ப வேண்டும். முத்திரை வைத்து, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு, பள்ளியே நேராக அங்குள்ள நர்சிங் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.

"ஒரு வாரத்துல முடிச்சிரலாம், நீ கவலப்படாத" என்று அன்று காலைதான் போனில் அவளிடம் சொல்லியிருந்தேன்.

நாங்கள் இருவரும் கல்வராயன் மலையில் வேலை பார்த்தவர்கள். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான். அதற்கு இரண்டு வளைவு முன்னால் இருந்த சுகாதார நிலையத்தில் அவள் ஒப்பந்த நர்ஸ். கச்சிராயபாளையத்தில் வீடு. காலையில் ஒரே பேருந்தில் மலையேறுவோம். அவள் வண்டி முழுதாக நிற்பதற்குள் இறங்கிவிடுவாள். சுகாதார நிலைய வாசலில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வளைவிலேயே அவள் கண்ணுக்குப் பட்டுவிடும். ஒன்பது ஆண்டு அப்படிப் போனது. ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட்டது, வேலை மட்டும் நிரந்தரமாகவில்லை.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒருவரிடம் அவளை அழைத்துப் போனது நான்தான்.

"நர்ஸாவே போவணும்னா லைசென்ஸ் கேப்பாங்க மேடம், வருசக் கணக்கா இழுக்கும்" என்றார் அவர். "ஸ்டூடன்ட் விசாவுல போயிடுங்க. அங்க படிச்சிக்கினே லைசென்ஸ் வாங்கிடலாம். எல்லாரும் அப்டித்தான் போய்க்கினு இருக்காங்க."

படியிறங்கும்போது அவள் நின்று கேட்டாள். "நம்பலாமாங்க?"

"நம்பலாம்" என்றேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பக்கத்து வீட்டில் என் அக்கா இருந்ததால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் சிக்கல் இல்லை. அவள் போனாள்.

அங்கே அவள் சேர்ந்த படிப்புக்கும் நர்சிங்குக்கும் சம்பந்தமே இல்லை. அலுவலக நிர்வாகம். படிக்கிற நேரம் போக, விசா அனுமதித்த மணி நேரத்துக்குள் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை. குளிப்பாட்டலாம், ஊட்டலாம், படுக்கையை மாற்றலாம். மருந்தைத் தொடக் கூடாது. எனக்குக் காலை ஏழு மணி என்றால் அவளுக்கு முந்தைய நாள் இரவு. நான் பேருந்துக்குக் கிளம்பும் முன் தினமும் பேசுவோம்.

ஒரு நாள் அவள் குரல் சரியில்லை. என்ன என்று கேட்டேன்.

"ஒரு பாட்டிக்கு வேர்த்து ஊத்துச்சுங்க. பேச்சு கொளறுது. சக்கர கம்மியாயிடுச்சின்னு பாத்ததுமே தெரியுது. ஓடிப்போயி அங்க இருந்த நர்ஸ் பொண்ணுகிட்ட சொன்னேன். அது சின்னப் பொண்ணு. நீ பாத்தத நோட்டுல எழுதிட்டு வெளிய நில்லு, நான் வந்து பாக்குறேன்னுச்சு."

"அப்புறம்?"

"வந்து பாத்தாங்க. சரியாயிடுச்சு. ஆனா அதுவரைக்கும் கதவாண்ட நின்னுக்கினு இருந்தேன். கைய எங்க வெக்கிறதுன்னே தெரியல எனக்கு."

அந்த ஒரு வாரம் என்று சொன்ன வேலைக்கு நான் எட்டு சனிக்கிழமைகள் அலைந்தேன். அவள் படித்த நர்சிங் பள்ளி கைமாறி, பெயர் மாறி, புறவழிச்சாலைப் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போயிருந்தது. பழைய கட்டடத்தில் மழைத் தண்ணீர் புகுந்தபோது பாதிப் பதிவேடுகள் நனைந்துவிட்டன என்று எழுத்தர் பெண் சொன்னாள். இருந்தவற்றை அவள் எனக்காகத் தரையில் உட்கார்ந்து தேடினாள். குழந்தை நலம், மகப்பேறு, அறுவைச் சிகிச்சை, சமுதாய நலம் எல்லாவற்றுக்கும் கணக்கு கிடைத்தது. மனநலப் பிரிவுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

"எங்ககிட்ட இருந்தா குடுக்க மாட்டமா சார்? இல்லியே" என்று கையை விரித்தாள்.

என் மனைவிக்கு அந்தப் பயிற்சி நன்றாக நினைவிருந்தது. ஆறு வாரம். வெளியூரில் ஒரு தனியார் மனநல மருத்துவமனை. தினமும் ஒரு பெண்ணுக்குத் தலை வாரிவிட்டதையும், அந்தப் பெண் இவளைத் தன் தங்கை என்றே நினைத்துக்கொண்டதையும், கடைசி நாள் சீப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டதையும் போனில் சொன்னாள். ஆனால் அந்த மருத்துவமனை நடத்திய டாக்டர் இறந்துபோய், அது மூடிப் பல வருடமாகிவிட்டது. மதிப்பெண் சான்றிதழில் அந்தப் பாடத்தில் தேர்ச்சி என்று இருக்கிறது. பயிற்சி மணி நேரம் இல்லை.

அவளுடைய பயிற்சி ஏடு வீட்டில் கிடைக்கவில்லை. அவளோடு படித்த ஒருவர் மணலூர்பேட்டையில் இருந்தார். அங்கே போனேன். அவர் பரண் மேல் ஏறித் தன் பயிற்சி ஏட்டை எடுத்துத் தந்தார். ஆறு வாரத்துக்கும் நாள்வாரியாகக் கையெழுத்து இருந்தது. எனக்கு அதைக் கையில் வாங்கியதும் அழுகை வந்துவிட்டது. திங்கட்கிழமையே விடுப்பு போட்டுவிட்டு நர்சிங் பள்ளி முதல்வர் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"உங்க மனைவி போயிருப்பாங்க சார். நான் இல்லன்னு சொல்லல. ஆனா இது இன்னொருத்தங்க ஏடு. நான் இங்க வந்தே ரெண்டு வருசந்தான் ஆவுது. நான் பாக்காததுக்கு மணிக்கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அவங்க ஃபோன் பண்ணிக் கேட்டா இன்னா சொல்லுவேன்?"

அவர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. அதனால் சண்டை போடவும் முடியவில்லை. "கெடைக்கிற வரைக்கும் நிரப்பி அனுப்புறேன்" என்றார். இன்னும் ஒரு வாரம் தாருங்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இதற்குள் என் கதை முழுதும் தெரிந்துவிட்டது. "இன்னாத்துக்கு சார் இப்டி அலையிறீங்க?" என்று குரலைத் தாழ்த்தினார். "மணி நேரம் எவ்ளோன்னு நீங்க சொல்லுங்க. சீலு, கையெழுத்து, கவரு எல்லாம் நம்ம பொறுப்பு. பள்ளிக்கூடம் அனுப்புற மாரியே போவும்."

மறுநாள் காலை அவளிடம் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்றுதான் சொன்னேன். போலியோ சொட்டு மருந்து ஒரு பிள்ளைக்கு விட்டுப்போனதற்காக, கொடுத்ததாகப் பட்டியலில் குறிபோட மனமில்லாமல், மழையில் மறுபடியும் நடந்தே ஒரு குக்கிராமத்துக்குப் போனவள் அவள்.

"பண்ணிடுங்க" என்றாள். "நான் போனது நெசந்தானே? பொய் ஒண்ணும் இல்லியே."

அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போனேன். அவர் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே ரப்பர் முத்திரைகள். எந்தெந்த ஊர்ப் பள்ளியோ, எந்தெந்த அலுவலகமோ. மாணவர்களின் பரீட்சைத் தாளில் பார்த்து எழுதியதைக் கண்டுபிடித்து இருபது வருடமாகத் திட்டிக்கொண்டிருப்பவன் நான். "டீ குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். டீக்கடையைத் தாண்டி நடந்து, கச்சிராயபாளையம் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"கடை பூட்டியிருந்துச்சு" என்று அவளிடம் சொன்னேன்.

"சரிங்க" என்றாள். அடுத்த வாரமும் கேட்கவில்லை, அதற்கடுத்த வாரமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். மாட்டிக்கொண்டால் அவள் நர்ஸ் பதிவே போய்விடும் என்று பயந்தேனா, என் கை அழுக்காகக் கூடாது என்று பார்த்தேனா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. முதல்வர் அம்மா மனநலப் பயிற்சிக்கான கட்டத்தில் 'பதிவுகள் கிடைக்கவில்லை' என்று எழுதிப் படிவத்தை அனுப்பினார்.

பல மாதம் கழித்து நர்சிங் வாரியத்தின் முடிவு வந்தது. மனநலப் பயிற்சி நிரூபிக்கப்படவில்லை. அங்கே உள்ள கல்லூரியில் அந்தப் பகுதியை மட்டும் படித்துச் சரிசெய்துகொள்ளலாம். இதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

"இருங்க, முழுசாக் கேளுங்க" என்றாள் அவள். "அந்தப் படிப்புல ஸ்டூடன்ட் விசாவுல வந்தவங்கள சேக்க மாட்டாங்களாம். நெரந்தரமா குடியிருக்குறவங்களுக்குத்தான் எடமாம். நெரந்தரமா குடியிருக்க அனுமதி எப்டிக் கெடைக்கும்னு கேட்டா, நர்ஸ் மாரி நல்ல வேலையில இருந்தா கெடைக்குமாம். சுத்திச் சுத்தி அங்கியே வந்து நிக்குதுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அலுவலக நிர்வாகப் படிப்பு முடிந்தது. அந்தப் படிப்பை வைத்து அங்கே வேலை விசா கிடைக்காது என்பது படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. திரும்பி வா என்றேன். எதைக் காட்டி வருவது என்றாள். இன்னொரு படிப்பில் சேர்ந்து, விசாவை நீட்டிக்க விண்ணப்பித்தாள். பதில் வரும்வரை நாட்டை விட்டு வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை.

அந்தக் காத்திருப்பில்தான் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காலை, மூச்சு வாங்குகிற மாதிரி எனக்குத் தோன்றியது. வீடியோவில் கூப்பிட்டேன். அவள் வேலை முடிந்து சீருடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"சட்டையத் தூக்குங்க. போன நெஞ்சுக்கு நேரா புடிங்க. ஆடாம புடிங்க. நீங்க கடிகாரத்தப் பாருங்க, ஒரு நிமிசம் ஆனதும் சொல்லுங்க."

பிள்ளையின் மூச்சை எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு என்று உதடு அசைவது தெரிந்தது. பத்தொன்பது வரை கேட்டது. பிறகு திரையில் அவள் முகம் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. நான் போனை அசைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். மகள் மட்டும், "அம்மா, கேக்குதா?" என்று இரண்டு முறை கேட்டாள். இணைப்பு திரும்ப வரவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு ஓடினோம். நிமோனியா. ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மருத்துவமனை வராந்தாவிலிருந்து பேசியபோது அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "எழுதி வெச்சிக்கினு குடுங்க, மறந்துடப் போறீங்க" என்றாள். அவ்வளவுதான்.

விசாவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. காலை ஏழு மணிக்குப் பேசுகிறோம். இப்போதெல்லாம் படிவத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மகள் என்ன சாப்பிட்டாள், ஊர்ப்பக்கத்து அணையில் தண்ணீர் எவ்வளவு, அக்காவின் முட்டிவலி எப்படி என்று பேச்சு முடிந்துவிடும்.

போன வாரம் மலைக்குப் போன பேருந்து சுகாதார நிலையத்துக்கு எதிரே ஆள் இறக்க நின்றது. மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு சாலையோரம் நின்றிருந்த ஓர் அம்மா என்னை அடையாளம் கண்டு ஜன்னலுக்குக் கீழே வந்தார்.

"வாத்தியாரே, சிஸ்டரம்மா எப்ப வராங்க? எம் பொண்ணுக்குச் சித்திரையில பிரசவம். மொதப் புள்ளைக்கு அவங்கதான் பாத்தாங்க. அவங்க இருந்தா எனக்கு பயமில்ல."

இப்போது இருக்கிற நர்ஸும் நன்றாகப் பார்ப்பார் என்று சொன்னேன்.

"அது சரி. அவங்க எப்ப வராங்க?"

ஓட்டுநர் ஆரன் அடித்தார். அந்த அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நாலடி நடந்து வந்தார். நான் அவரைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது.