காட்சியை வெட்டியவனுக்கு

நீ ஒரு பயந்தாங்கொள்ளி. நாடகத்தில் உங்கள் நாட்டு அரசாங்கத்தைக் கேள்வி கேட்கப் போகிறேன் என்று பலேர்மோ முழுக்கச் சொல்லித் திரிந்தாய். அரசாங்கத்து ஆள் வந்து உட்கார்ந்ததும் காட்சியை வெட்டினாய்.

பல்லரோ சந்தையில் உன் மரக்கறிக் கடையில்தான் நமக்குப் பழக்கம். நீ வங்காளி, நான் வன்னி. நாம் பேசுவது இத்தாலியனில். இராணுவம் கொண்டுபோன மகனைத் தேடி முகாம் வாசலுக்கு வரும் தாயாக நடிக்க உங்கள் பெண்கள் யாரும் சம்மதிக்கவில்லை. ஊரில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை வரும் என்று பயம். என்னிடம் வந்தாய், அக்கா என்று உங்கள் மொழியில் கூப்பிட்டாய்.

"தீதி, நீங்கள் நடியுங்கள். ஒரு வரிதான்."

அந்த வரிக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். "ஆமார் சேலே கொத்தாய்?" என் மகன் எங்கே? தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, நான் வேலை செய்யும் சின்யோரா வீட்டுப் படிகளைத் துடைக்கும்போது சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். சண்டை முடிந்தபோது என் அண்ணனை நான்தான் ஆமியிடம் கையளித்தேன். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். விடவில்லை. எங்கே என்று நான் இதுவரை ஒருவரிடமும் சத்தமாகக் கேட்டதில்லை. இதை உனக்குச் சொன்னேன். தலையாட்டினாய்.

என் கணவர் நக்கலடித்தார்.

"வீட்டிலை அழுதது காணாதெண்டு வங்காளியளுக்கு முன்னாலையும் அழப் போறியோ?"

"ஓம், போறன். நீங்களும் வாங்கோ."

"எனக்கென்ன விளங்கும்?"

"என்ரை முகம் விளங்கும்."

வந்தார். சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தார்.

கிழிந்த சேலையோடு திரைக்குப் பின்னால் நின்றேன். நேரம் போதாது, உங்கள் காட்சி இல்லை என்றாய். பிறகு என் கையில் ஒரு பூச்செண்டைத் திணித்தாய்.

"தீதி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து இதை அதிகாரிக்குக் கொடுங்கள்."

நேரம் போதாது என்ற நீ, அவருக்குப் பொன்னாடை போர்த்தி அரை மணி நேரம் பேசவும் விட்டாய்.

நான் கொடுத்தேன். சிரித்துக்கொண்டு கொடுத்தேன். அதுதான் இன்னும் எரிகிறது. பிரான்காச்சோவில் எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது கணவர், "பூவைக் குடுக்கேக்கை அந்தாளிட்டையே அந்த வரியைக் கேட்டிருக்கலாம்," என்றார்.

இப்போது என்னைக் கண்டால் கடை மூலைக்குக் கூப்பிட்டு, மெதுவாக மன்னிப்புக் கேட்கிறாய். கொத்தமல்லியைச் சும்மா தருகிறாய். எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாடகம் போட்ட அதே மண்டபத்தில் உங்கள் ஆட்கள் கூடுகிறார்கள். மேடையில் ஏறு. யாராவது வெட்டச் சொன்னார்களா, ஒருவரும் சொல்லாமல் நீயாகவே வெட்டினாயா? மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் கேட்கும்படி சொல்.