பள்ளிப்பட்டு பஸ்

எங்கள் திருத்தணிக் கல்லூரிக்கு தன்னார்வலராக ஓராண்டு சேவை செய்ய வந்த அந்தப் பெண் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டார். கூடவே போய்ப் பார்ப்பார்.

பள்ளிப்பட்டு மாணவிகள் கடைசி வகுப்பான என் கணக்குப் பாடத்தில் பாதியிலேயே நழுவுகிறார்கள், வருகை குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போகும் என்று அவரிடம் புலம்பினேன். அன்றே அவர்களோடு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் அறுந்த செருப்பில் ஊக்கு குத்திக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

“அந்த பஸ்ஸ வுட்டா அடுத்தது ராத்திரிதாங்க சார். ஓடிப்போய் ஏறி, உங்க கணக்கத்தான் போட்டுகினு வந்தாங்க.”

பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அந்தப் பஸ்ஸில் நான் ஏறியதேயில்லை. வகுப்பைக் காலைக்கு மாற்றினேன். வகுப்பு முடிந்து மணியடித்த பிறகும் அவர்களில் யாரும் எழுந்திருக்கவில்லை.

சேவை முடிந்து அவர் போய்விட்டார். இப்போது எந்த ஊரில், எந்தப் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்கிறாரோ.