காலைக் காட்டுங்க

வந்தவர் நின்றபடியே எட்டாம் நம்பர் கேட்கிறார். பஷீர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டூலை முன்னால் தள்ளிவிட்டு, "உக்காருங்க, காலைக் காட்டுங்க" என்கிறார்.

"என்ற காலு நம்பரு எனக்குத் தெரியாதுங்களா பாய்?"

"பொழுது சாஞ்சா காலு ஊதிக்குமுங்க. ஒம்போது போட்டுப் பாருங்க."

அன்னூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருடைய செருப்புக்கடை. கட்டைவிரல் இடிக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார். குதிகாலுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்ப்பார். சரிப்படாவிட்டால் பெட்டியை மூடிவிடுவார். பாதி வியாபாரம் இப்படித்தான் பக்கத்துக் கடைக்குப் போகிறது. அவர் மட்டும் எந்த வெயிலிலும் சாக்ஸும் கான்வாஸ் ஷூவும்தான். தொழுகைக்குக் கால் கழுவக் கழற்றுவார், அதுவும் ஓரமாகப் போய்.

"ஊருக் காலெல்லாம் பாக்கறீங்க. உங்க காலைப் பாக்கோணும்னா டிக்கெட் எடுக்கோணுமாட்ட இருக்குது" என்பார் மனைவி சாயிரா பானு.

அடுத்தவர் காலைப் பார்க்கும் பழக்கம், பஷீர் பட்டாளத்தில் இருந்தபோது ஹவில்தார் சீனிவாசலுவிடமிருந்து வந்தது. அவரும் அன்னூர்ப் பக்கத்துக்காரர். காஷ்மீர் மலை முகாமில் சாப்பாட்டுக்குப் பிறகு டார்ச்சோடு வந்து, ஒவ்வொரு கட்டிலின் கீழும் குந்துவார். விரலிடுக்கில் அவரே பவுடர் போட்டுவிடுவார். பையன்கள் கூசுவார்கள். "என்னடா, கல்யாணப் பொண்ணாட்ட இழுத்துக்கற?" என்பார். வீட்டில் மகளுக்கு நகம் வெட்டும்போதும் இதையேதான் சொல்வாராம்.

ஒருநாள் பஷீரின் வலது குதிகாலில் கொப்புளம். விடிந்தால் ரோந்துக்கு அவர் முறை.

"இந்தக் காலோட மலையேறிப்போட்டு, எறங்கறப்ப உன்னைய ஆரு தூக்கீட்டு வாரது? படு கண்ணு. அடுத்த தடவ வா."

அவருக்குப் பதிலாக ஹவில்தாரே போனார். சரிவில் பதுங்கியிருந்தவர்கள் சுட்டார்கள். கூட வந்தவர்களை இறங்கச் சொல்லிவிட்டு, பாறை மறைவில் நின்று எதிர்த்துச் சுட்டார். அவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

பெருநாள் பிரியாணி ஹவில்தாரின் மனைவி ராமாமணி வீட்டுக்குப் போகும். அங்கிருந்து தீபாவளிக்கு முறுக்கு வரும். அன்றைக்கு ரோந்து யாருடைய முறை என்று அந்த வீட்டில் கேட்டதில்லை. இவரும் சொன்னதில்லை.

போன வாரம் ஹவில்தாரின் மகள் சாய்ப்ரியா கடைக்கு வந்தாள். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் போலீஸ் வேலைக்கான ஓட்டம். நல்ல ஷூ வேண்டும்.

காலைப் பிடித்துப் பார்த்த பஷீரின் கை அப்படியே நின்றது. குதிகாலில் கொப்புளம்.

"புதுசு வேண்டாம் அம்மணி. கடிச்சுப்போடும். பழசுலயே ஓடுங்க."

"புதுசுன்னா வேகமா ஓடலாமுன்னு பாத்தேனுங்க மாமா."

"காலு நல்லா இருந்தா வேகம் தானா வருமுங்க."

பிளாஸ்திரி ஒட்டினார். சாக்ஸைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார். தலை நிமிராமலே சொன்னார்: "எனக்கும் இதே எடத்துலதானுங்க. உங்கப்பா பாத்துப்போட்டு என்னைய நிறுத்துனாரு. எனக்குப் பதிலா அவரு போனாரு."

அவள் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை வந்தாள்.

"தேறிப்போட்டேனுங்க மாமா. அம்மாகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

சொன்னது ஓட்டத்தையா, அன்றைய ரோந்தையா என்று கேட்காமல், பஷீர் பெட்டிகளை அடுக்கத் திரும்பினார். அவள் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளி உட்காரவைத்தாள். அவர் குந்தும் பலகையில் தான் குந்தினாள்.

"காலைக் காட்டுங்க."

"எதுக்குங்க அம்மணி, உடுங்க."

"என்னங்க மாமா, கல்யாணப் பொண்ணாட்ட இழுத்துக்கறீங்க?"

பஷீர் குனிந்து, வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்தார்.