ஆறு கணக்கும் ஒரு செம்புத் தண்ணீரும்

1. முதல் திங்கட்கிழமை சிலேட்டில் ஆறு கணக்கு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் சிலேட்டு வெறுமையாக வந்தது.
2. அடுத்த இரண்டு வாரமும் அப்படியே. காரணம் கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.
3. மூன்றாம் வாரக் கடைசியில் சிலேட்டில் ஆறு விடைகள் மட்டும் இருந்தன. கணக்கும் இல்லை, போட்ட வழியும் இல்லை. விடைகள் ஆறும் சரி.
4. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.
5. அதை அவளுடைய தகப்பனாரிடம் சொன்னேன்.

என் பழைய குறிப்பேட்டில் உள்ளபடியே இவற்றை எழுதியிருக்கிறேன். ஐந்தாவது வரியை எழுதிய நாளில் எனக்குப் பத்தொன்பது வயது. பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. பாடத்துக்கு முன் செய்யவேண்டியவை, பாடத்தில் செய்யவேண்டியவை, பாடத்துக்குப் பின் செய்யவேண்டியவை என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வரிசை இருந்தது. சிலேட்டு என் கையைவிட்டுப் போன பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பது மட்டும் எந்த வரிசையிலும் இல்லை.

என் முதல் மாணவி திருநெல்வேலி டவுணில் ரத வீதி ஜவுளிக்கடைக்காரரின் ஒரே மகள். பத்து வயது. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. படிக்காமல் விடவும் மனமில்லை. ஆகவே நான் தினமும் ஆற்றுப் பாலம் தாண்டி வந்து, அவர்கள் வீட்டு முன்கட்டில் பெஞ்சில் உட்கார்ந்து கற்பிப்பேன். அவள் எதிரே பாயில் இருப்பாள். முன்கட்டுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே ஒரு நிலைப்படி. நான் அதைத் தாண்டுவதில்லை. தாண்டக்கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை, வாருங்கள் என்று கூப்பிடவுமில்லை. நான் திசையன்விளைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், பனையேறியவர்களின் பேத்தி. அந்த வீட்டில் என் இடம் எதுவரை என்பது இரு பக்கத்துக்கும் தெரிந்தே இருந்தது.

பிள்ளை ஏமாற்றுகிறாள் என்று நான் சொன்னபோது கடைக்காரர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "பொய் சொல்லப் படிக்கதுக்கு எதுக்கும்மா ஒரு வாத்தியாரம்மா? வார வெள்ளிக்கெழம எங்க கணக்கப்பிள்ளை கணக்கு சொல்லட்டும், நீங்க எழுதுங்க. இவ தனியா போடட்டும். போட்டா படிப்பு. இல்லன்னா அன்னைக்கோட நிப்பாட்டிருவோம்" என்றார். பிள்ளை தூண் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முன்கட்டில் ஒரு சிறு கூட்டமே கூடிவிட்டது. கடைக் கணக்குப்பிள்ளை ஆறு கணக்கு சொன்னார். எல்லாம் துணிக் கணக்கு, எல்லாம் கடினமானவை. விடை சொல்லிக் கொடுத்தவர் அவராகத்தான் இருக்கும் என்று நான் சந்தேகப்பட்டது அவர் காதுக்கு எட்டியிருந்தது. அவர் பழைய தமிழ் எண்களில் எழுதுபவர். பிள்ளை என்னிடம் படித்தது புதிய எண்கள். அதனால் சிலேட்டில் நானே எழுதி அவள் கையில் கொடுத்தேன்.

"இங்கன ஒரே ஆள்கூட்டமா இருக்கு. உள்ள போய்ப் போட்டுக்கிட்டு வா. அத்தை பக்கத்துல இருக்கட்டும், வேற யாரும் போவப்படாது" என்றார் தகப்பனார்.

அவள் சிலேட்டை முகத்துக்கு நேரே பிடித்தபடி பைய நடந்தாள். நிலைப்படியில் அவருடைய அக்கா, பிள்ளையின் அத்தை, கையில் செம்போடு நின்றிருந்தாள். சிலேட்டை வாங்கினாள். சாய்த்துப் பிடித்து அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். முந்தானையால் சுத்தமாகத் துடைத்துப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன அக்கா இது! எழுத்தெல்லாம் போச்சே!" என்றார் தகப்பனார்.

"எழுத்து போனா திரும்ப எழுதிக்கிட வேண்டியதுதான? அவங்க தொட்டத அப்படியே வீட்டுக்குள்ள கொண்டு போவ முடியுமா? தெனமும் இப்படித்தான செய்யுதேன். இன்னைக்கு என்ன புதுசா கேக்க?"

தினமும் என்ற அந்தச் சொல்லில், மூன்று வாரத்து வெற்றுச் சிலேட்டுகள் எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கின. வழக்கமாக நான் தெருவில் இறங்கிய பிறகே சிலேட்டு உள்ளே போகும். அதனால் ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு முகம் எரிந்தது. தண்ணீர் ஊற்றியதற்காக அல்ல, அது எனக்குப் பழக்கம். அந்தக் குழந்தையை ஏமாற்றுக்காரி என்று சொல்லிவிட்டேனே என்பதற்காக. எழுந்து அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் நிலைப்படியிலிருந்தே பிள்ளையின் குரல் வந்தது. "எனக்கு ஞாபகம் இருக்கு, ஐயா. சொல்லட்டுமா?"

தகப்பனார் தலையசைத்தார். ஈரச் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் முதல் கணக்கைச் சொன்னாள், விடையைச் சொன்னாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதற்கு வந்தாள். "சுருளுக்குப் பதினேழு கெஜம், இருபத்துமூணு சுருள். முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு கெஜம்."

"தப்பு! முந்நூத்தி எம்பத்தொண்ணு" என்றார் கணக்குப்பிள்ளை.

"மிச்சம் பத்து கெஜத்த எங்க வச்சீங்க, மாமா?"

அவர் விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். கடைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "என்னவே, கடையில துணி கொறையுதுன்னு எலியத் திட்டிக்கிட்டு இருந்தேனே!" என்றார். முன்கட்டே சிரித்தது. கணக்குப்பிள்ளையும் சிரித்துவிட்டார். ஐந்தாவதும் ஆறாவதும் அந்தச் சிரிப்புக்கு நடுவே சரியாக வந்து சேர்ந்தன. "பிள்ளை படிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தகப்பனார் கடைக்குப் போனார். அந்த இரண்டு வார்த்தை போல எந்தச் சான்றிதழும் எனக்கு இனித்ததில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். "அத்தை செய்யுதது தெரிஞ்சா நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பாயிலிருந்து நிலைப்படிக்கு இருபது எட்டு வைக்கவேண்டும். அந்த இருபது எட்டுக்குள் மனப்பாடம் செய்துகொள்வாளாம். முதலில் ஒரு கணக்குத்தான் நின்றது, பிறகு இரண்டு, பிறகு நான்கு. "ஒண்ணு ரெண்ட மட்டும் எழுதுனா நல்லாவா இருக்கும்? ஆறும் நிக்கட்டும்னு விட்டுட்டேன்."

மாணவரின் ஞாபகசக்தியை வளர்க்கும் வழிகள் என்று பயிற்சிப் பள்ளியில் நான் எட்டுப் பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். அவளோ அந்த வழியைத் தானே நடந்து கண்டுபிடித்துவிட்டாள். அதற்காக அந்தத் தண்ணீரை நல்லதென்று சொல்லமாட்டேன். அது அவளுக்குத் தேவையில்லாத பாரம். அத்தையோடு வாதாடினால் பாடம்தான் நிற்கும் என்று தெரிந்ததால், எழுதும் பொருளை மாற்றினேன். ஊரிலிருந்து பதப்படுத்திய பனையோலை வரவழைத்து, எழுத்தாணியால் கணக்குகளைக் கீறிக் கொடுத்தேன். ஓலை பழைய முறை, விட்டுவிடுங்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் கீறிய எழுத்தைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அத்தை முதல் ஓலைக்குச் செம்பைச் சாய்த்து, உதறிப் பார்த்துவிட்டு, "இது தேவல. சிலேட்டத் தொடச்சுத் தொடச்சு முந்தானையெல்லாம் மாக்கட்டியா போச்சு" என்றாள். நாலு வருஷம் நான் அங்கே போனேன். நாலு வருஷமும் தண்ணீர் ஊற்றினாள். எழுத்து உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் கற்பித்துவிட்டேன். மந்தம், சோம்பல், பொய் என்ற மூன்று சொற்களையும் குறிப்பேட்டில் எழுதுவதை விட்டுவிட்டேன். பாடம் வராத பிள்ளையிடம், நேற்று நான் போன பிறகு இந்த வீட்டில் என்னென்ன நடந்தது என்று வரிசையாகக் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் அதில் இருக்கிறது.

இப்போதைய நிலை இது: அந்த முதல் மாணவிக்குப் பதினெட்டு வயது. கல்லிடைக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாமியாரின் சம்மதத்தோடு மத்தியான வேளையில் தெருப் பெண்பிள்ளைகள் ஒன்பது பேருக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். அவர்களில் இரண்டு பேர் இந்த வருஷம் ஆரம்பப் பரீட்சை எழுதுகிறார்கள்.