ஒரே பட்டறை

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் லாரிக்குப் பாடி கட்டுபவர். கண்ணில் பட்டதையெல்லாம் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ஜன்னல் தகரத்தையும் விடவில்லை. என் வேலையைக் கேட்டார். கம்ப்யூட்டர் சிப் கம்பெனி என்றேன்.

"ஏனுங்க, உங்க பட்டறை எங்க இருக்குதுங்க?"

"பட்டறை இல்லீங்க. நாங்க வரைஞ்சு குடுப்போம். வெளிநாட்டுல ஒரு கம்பெனி செஞ்சு தரும்."

"போட்டிக்கு ஆருங்க?"

"ஒரு பெரிய கம்பெனிங்க. அவங்களுக்கும் அதே பட்டறைதான்."

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. "அப்ப அவுங்க ஆர்டர் முடிஞ்சாத்தான் உங்களுக்குங்களா?"

எங்கள் ஆபீஸே அந்தப் பயத்தில்தான் இருந்தது. "ஆமாங்க" என்றேன்.

நாமக்கல் வந்ததும் எழுந்தார். "அந்தப் பட்டறைக்காரரு நல்லா இருக்கோணும், சாமி." என் தோளையும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். என்ன சத்தம் கேட்டதோ, தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.