சித்தியின் கடல்கல்

எங்கள் வீட்டில் கல்லைப் பற்றித் தெரியாதவர் யாரும் கிடையாது. ஓசூருக்குச் சற்று முன்னால், கிருஷ்ணகிரி ரோட்டோரம் வீடு. அப்பாவும் சித்தப்பாவும் ரோடு போடவும் வீடு கட்டவும் கல் உடைத்துக் கொடுக்கும் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார்கள். தொழிற்சாலைகள் வராத அறுபதுகளின் கடைசி அது. சித்தப்பா சுத்தியால் ஒரு தட்டு தட்டுவார். கணீரென்றால் நல்ல கல், மொத்தென்றால் சொத்தைக் கல். மூன்றாம் வகுப்பு படித்த எனக்கே அந்தச் சாஸ்திரம் அத்துபடி. அந்த அகம்பாவம்தான் எங்களைக் கவிழ்த்தது.

சித்தி தூத்துக்குடிக்காரி, சங்கு குளிக்கிறவர் மகள். மாதாகோயில் சாமியார் மூலமாக வந்த சம்பந்தம். கல்யாணமாகி வந்த முதல் மார்கழியிலேயே எங்கள் ஊர்க் குளிர் அவளைப் படுக்கையில் போட்டுவிட்டது. தெருவில் கன்னடம், கடையில் தெலுங்கு. வீட்டில் நாங்கள் பேசிய தமிழ்கூட அவளுக்குப் பாதிதான் விளங்கியது. சோறு இறங்கவில்லை. அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவளுடைய அண்ணன் உப்பு லாரி ஓட்டுகிறவர். பெங்களூருக்கு லோடு கொண்டுபோகும்போதெல்லாம் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கும்போதே கேட்பார்: “என்ன தங்கச்சி, ஊருக்கு வாரியா?” போனால் அவள் திரும்பமாட்டாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

சித்தியின் ஊரில் மீன் ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்று இருந்ததாம். அங்கே கண்ணாடித் தொட்டியில் கடலையே வைத்திருப்பார்கள், அதற்குக் கடலடியிலிருந்து கல் எடுத்துக் கொடுத்தது தன் அப்பாதான் என்று எப்போதோ ஒருமுறை சித்தப்பாவிடம் சொல்லியிருந்தாள். கல்யாணமான புதிதில் அவள் பேசிய நீளமான பேச்சு அது ஒன்றுதான். மனுஷன் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். பெங்களூரில் சொல்லிவைத்து ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி செய்துகொண்டு வந்தார். லாரி ஓட்டும் மச்சானிடம் கேட்க, அடுத்த லோடில் பீங்கான் ஜாடிகளில் கடல்தண்ணீரும் ஈரச் சாக்கில் கல்லும் வந்து இறங்கின.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சித்தி பூசைக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் தயாராக வைத்து அசத்திவிட வேண்டும் என்று சித்தப்பா சாக்கை அவிழ்த்தார். முதல் கல்லைத் தட்டினார். தேங்காய் மூடியைத் தட்டினது போல டொக்கென்றது. அடுத்ததும் டொக்.

“இன்னாடா இது? புளுத்த கல்லா பாத்து அனுப்பிருக்காரு உன் மச்சான்!” என்றார் அப்பா.

லேசாக, ஓட்டை ஓட்டையாக இருந்ததையெல்லாம் வேலியோரம் எறிந்தோம். கனமாக, வழவழப்பாக இருந்த இரண்டைப் பொறுக்கி, சீயக்காய் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்தோம். இத்தனை சுத்தமான கல்லைத் தூத்துக்குடி பார்த்தே இருக்காது.

சித்தி வந்து பார்த்தாள். வேலியோரத்தில் காய்ந்துகொண்டிருந்த கல் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“இதுலல்லா உசுரு இருந்துச்சு” என்றாள்.

“கல்லுலயா உசுரு?” என்றார் அப்பா.

அவள் சித்தப்பாவின் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை சீயக்காய் அப்பியிருந்தது. திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நாங்கள் முதலில் பயந்துபோய், பிறகு காரணம் தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தோம்.

அண்ணன் அடுத்த லோடில் கொண்டுவந்த சாக்கை அவளே பிரித்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள், முகர்ந்தாள், ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள். லேசாக இருந்தவைதான் உள்ளே போயின. அழுகித் தொங்கியதைக் கத்தியால் சுரண்டினாள். பார்த்துக்கொண்டு நின்ற அண்ணன், “தொட்டிக்குள்ள மீனை விட்டுட்டு எங்கூட வந்துரு. மச்சான் பாத்துக்கிடுவாரு” என்றார்.

“கல்லு மொதல்ல நாறும்ணே. பொறவுதான் தண்ணி தெளியும். தெளிஞ்ச பொறவுதான் மீனு. அது முடியட்டும், வாரேன்.”

சித்தப்பா பக்கத்தில்தான் நின்றார்.

நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். ரோட்டில் போகிற நாய்களெல்லாம் எங்கள் வாசலில் நின்று யோசித்துவிட்டுப் போயின. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாலையில் ஜெபமாலை சொன்னோம். அப்பா ஜெபத்தை முடிக்கும் வேகம் கூடிக்கொண்டே போனது. “ஊட்ல பொணம் கெடக்குதுன்னு நெனைக்கப் போறாங்க, தூக்கி ஏரில கொட்டுங்க” என்றாள் அம்மா. சித்தப்பா அசையவில்லை. தண்ணீருக்குக் காற்று வேண்டும் என்று சித்தி சொன்னதால், லாரி டியூப் ஒன்றில் காற்றடித்து, அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டிருந்தார். காலையும் மாலையும் பம்பை மிதித்துக் காற்றடைப்பார். தண்ணீர் தெளிந்தால் மனைவி போய்விடுவாள் என்று தெரிந்தே அடித்தார். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அன்று, பம்பை மிதிக்க என்னை விடவில்லையே என்ற ஆத்திரம்தான் இருந்தது.

தினமும் காலையில் சித்தி விரலை நனைத்து முகர்ந்து பார்ப்பாள். அண்ணன் லோடில் கொண்டுவரும் கடல்தண்ணீரை ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். எப்போது என்று தெரியாமலே நாற்றம் அடங்கியது. கல்மேல் பழுப்பாகத் தூசி போல ஒன்று படிந்தது, பிறகு பச்சை வந்தது. ஒருநாள் ஓட்டையிலிருந்து என் சுண்டுவிரல் நகமளவு நண்டு ஒன்று வெளியே வந்து, எங்கள் குடும்பத்தையே ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனது. எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்காவுக்கு அந்த நண்டைக் கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டினாள் சித்தி. அந்த அக்கா சொல்லிக்கொடுத்த தெலுங்கில் சித்தப்பாவை ஏதோ கேலியும் செய்தாள். நான்கு தோசை சாப்பிட்டாள்.

மழைக்கு முந்தி அண்ணன் வந்தார். தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். “என்ன தங்கச்சி, கெளம்புவமா?”

சித்தப்பா தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, டியூபில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் தெளியலண்ணே” என்றாள் சித்தி.

எனக்குப் பொறுக்கவில்லை. “தெளிஞ்சிடுச்சே சித்தி! அந்தப் பக்கம் நிக்கிற சித்தப்பா சட்டை பொத்தான்கூட தெரியுதே!” என்றேன்.

சித்திக்கு முகம் சிவந்தது.

“நீ கடலைப் பாத்துருக்கியா ராசாத்தி? இன்னும் தெளியல” என்றாள். பிறகு அண்ணனிடம், “நீ போயிட்டு வாண்ணே. அம்மாகிட்டச் சொல்லு” என்றாள்.

அவர் தங்கையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே போய் லாரியில் ஏறினார்.

நான் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெளிச்சம் போகும்வரை அழுக்கைத் தேடினேன். ஒரு தூசி இல்லை. எழுந்துபோய், அடுப்படியில் இருந்த அம்மாவிடம், சித்திக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிற விஷயமா இது என்று எனக்கு ஒரே கோபம்.